ஏழாம் பக்கத்து வரி

ஜூன் 3, செவ்வாய்

காலையில் ரோஸ்லின் கூப்பிட்டு அனுப்பினாள். துறைத்தலைவரான அவள் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தால் விருந்தாளி வந்திருக்கிறார் என்று பொருள். ஓடாவிட்டால் நமக்கு வேலை வந்திருக்கிறது. இன்றைக்கு ஓடவில்லை.

"ஏட்டி செண்பகம், சான்றிதழ்ப் படிப்பு எல்லாத்துக்கும் விதிமுறைய மாத்தி எழுதணும்னு பல்கலைக்கழகத்துலருந்து சுற்றறிக்கை வந்துருக்கு. ஜி.ஐ.எஸ்.ஸுக்கு நீயே எழுதிரு. உனக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன? புவியியல் தகவல் முறைமைக்கான இந்த ஆறு மாதப் படிப்பைப் பதினொரு வருஷத்துக்கு முன்னால் தொடங்கியவளே நான்தான். சனி, ஞாயிறு வகுப்பு. செயற்கைக்கோள் படத்தில் குளம் எது, தரிசு எது என்று பிரித்துக் கணினியில் வரைபடம் போட வேண்டும். பிறகு நேரில் போய் நடந்து, அளந்து, போட்டது சரியா என்று பார்க்க வேண்டும். பதினான்கு வருஷமாக என் பதவி கௌரவ விரிவுரையாளர்; இப்போது இந்தப் படிப்பு ஒன்றுதான் என் வேலை. அந்தப் பெயரை வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

சுற்றறிக்கையைக் கேட்டேன். "நாலு பக்கம் வளவளன்னு இருக்கு. சாராம்சத்த நான் சொல்லுதேன், நீ குறிச்சிக்கோ" என்றாள். சேர்க்கைக்குப் பழையபடி பிளஸ் டூ போதும், துறை விரும்பினால் பட்டம் என்று கூட்டிக்கொள்ளலாம். "அது உன் இஷ்டம்" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் எம்.எஸ்ஸி. ஒன்றாகப் படித்தவர்கள், விடுதியில் ஒரே அறை. அவளுடைய முனைவர் பட்ட ஆய்வுக்காக நூற்றுப் பதினெட்டுக் குளங்களை வெயிலில் நடந்து அளந்து, வரைபடம் முழுக்கப் போட்டுக் கொடுத்தவள் நான். ஒவ்வொரு குளத்தையும் நானே அளந்தேன். என் சொந்த ஆய்வு பாதியில் நின்றுபோனது வேறு கதை. இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்காட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஜூன் 5, வியாழன்

மிக்சி ஜாரில் புஷ் தேய்ந்துவிட்டது. இவரிடம் மூன்று நாளாகச் சொல்கிறேன். "ஆகட்டும்" என்கிறார். ஆகவில்லை. சட்னியைக் கையால் அரைத்துவிட்டுப் போனேன்.

மத்தியானம் முப்பிடாதி வந்தார். நில அளவைத் துறையில் புல உதவியாளர். சங்கிலி பிடிப்பதும் புதருக்குள் எல்லைக்கல் தேடுவதும் அவர் வேலை. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவர். மூன்று வருஷமாக நம் படிப்பில் சேர்கிறேன் என்கிறார். ஒரு வருஷம் மூத்த மகளுக்குப் பேறுகாலம், மறு வருஷம் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று தள்ளிப்போய்விட்டது.

"விண்ணப்பம் எப்ப மேடம் குடுக்காங்க?"

"ஜூலைல வாங்க."

"இந்த வருஷம் விட்டா ஆகாது மேடம். இந்தச் சான்றிதழ் இருந்தா வரைவாளர் பதவி உயர்வுப் பட்டியல்ல பேரு சேப்பாங்க. நாப்பத்தஞ்சு வயசு வரைக்குந்தான். எனக்கு நாப்பத்தி நாலு முடிஞ்சிட்டு."

"அதெல்லாம் சேந்திரலாம். நான் இருக்கேன்லா."

கைப்பையில் முருங்கைக்காய் கொண்டுவந்திருந்தார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை. மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

வகுப்புக்கு விடுமுறை விட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்து எழுதினேன். பழைய விதிமுறை பாட்டிபோல இருமுகிறது. அதில் சொன்ன மென்பொருளை இப்போது எந்தக் கணினியும் ஏற்காது. எல்லாவற்றையும் மாற்றினேன். களப்பணி மணிநேரத்தை இருபதிலிருந்து நாற்பதாக்கினேன். தண்ணீர் திறக்கிற மடை எங்கே, மிச்சம் வழிகிற மறுகால் எங்கே என்று கரையில் நடந்து பார்க்காதவன் போடுகிற குளத்து வரைபடத்தில் தண்ணீர் மேட்டில் ஏறும். இந்த நாற்பது மணிக்காகவாவது இந்தப் படிப்பு என் பெயரைச் சொல்லும்.

ஏழாம் பக்கம், சேர்க்கைத் தகுதி. 'பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி' என்பதை எடுத்துவிட்டு 'ஏதேனும் ஒரு பட்டம்' என்று போட்டேன். தகுதியை உயர்த்தினால் அடுத்த வருஷம் இதைப் பட்டயப் படிப்பாக்கலாம், அதற்கு ஒரு நிரந்தர ஆசிரியர் இடம் கேட்கலாம், அந்த இடத்துக்கு உன்னைவிட்டால் யார் என்று ரோஸ்லின் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அதற்காக மட்டும் மாற்றவில்லை. தரம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? இதனால் யாராவது விடுபட்டுப்போவார்களா என்றும் யோசித்துப் பார்த்தேன். குறிப்பாக யாரும் நினைவுக்கு வரவில்லை.

மத்தியானம் முருங்கைக்காய் சாம்பார்.

ஜூன் 10, செவ்வாய்

நாற்பத்தொரு பக்கம். முடிந்தது. கழுத்து வலி.

ஜூன் 13, வெள்ளி

ரோஸ்லினிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "உன் கைக்குத் தங்கக் காப்புப் போடணும்" என்றாள். ஒன்பதாம் பக்கத்தில் 'ஆசிரியர் தகுதி' என்று தலைப்பு மட்டும் போட்டுக் கீழே காலியாக விட்டிருந்தேன். அதற்கு என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"அத விடு ஏட்டி. எல்லாப் படிப்புக்கும் ஒரே வரிதான். நான் போட்டுக்கிடுதேன்."

சரி என்று விட்டுவிட்டேன். இருபத்து மூன்று வருஷத்துச் சிநேகிதி. ஒரு வரியைப் போட மாட்டாளா?

ஜூன் 18, புதன்

பாடத்திட்டக் குழுக் கூட்டம். சிறப்பு அழைப்பாளர் என்று எனக்கும் ஒரு நாற்காலி. வெளியூர் வல்லுநர்கள் மூன்று பேரும் மூன்றேகால் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் தொடங்குவதற்கு முன்பே, உளுந்தவடையும் காபியும் வரும்போது, கையெழுத்துத் தாளும் சுற்றி வந்துவிடும். நடவடிக்கைக் குறிப்பின் கடைசிப் பக்கம் அது. மேலே 'மேற்கண்ட விதிமுறைகள் ஒருமனதாக ஏற்கப்பட்டன' என்று அச்சடித்திருக்கும். மேற்கண்டது என்ன என்று யாரும் கேட்பதில்லை. அது பிறகு தட்டச்சாகும். ரயிலைப் பிடிப்பவர்களைக் கையெழுத்துக்காகத் துரத்த முடியுமா? வருஷா வருஷம் அந்தத் தாளைச் சுற்றுக்கு விடுவது நான்தான். "சார், வடை எண்ணெய் படாமப் போடுங்க" என்று எல்லாரையும் சிரிக்கவைத்து வாங்கினேன். கடைசியில் நானும் போட்டேன்.

சாப்பாட்டின்போது திருச்சியிலிருந்து வந்த வல்லுநர் ரோஸ்லினுடைய ஆய்வுப் புத்தகத்தில் உள்ள வரைபடங்களைப் பாராட்டினார். அதெல்லாம் அந்தக் காலத்தில் நான் உட்கார்ந்து போட்டவை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். சும்மா ஒரு தகவலுக்காகத்தான். ரோஸ்லின் ரசத்துக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுடைய ஆய்வு மாணவர் பெனட் எல்லாருக்கும் பரிமாறினார். போன மாதம்தான் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார். பணிவான பிள்ளை.

ஜூன் 19, வியாழன்

மிக்சி சரியாகிவிட்டது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூன் 26, வியாழன்

நடவடிக்கைக் குறிப்பு வந்துவிட்டது. மூன்று தடவை படித்துவிட்டேன்.

ஒன்பதாம் பக்கம்: 'ஆசிரியர் முனைவர் பட்டம் பெற்றவராக இருத்தல் வேண்டும். தற்போது கற்பிப்போருக்கும் இது உடனடியாகப் பொருந்தும்.' இணைப்பில் வருகிற பருவத்துக்கான ஆசிரியர்: முனைவர் பெனட். கடைசிப் பக்கத்தில் ஒன்பது கையெழுத்து. ஒன்பதாவது என்னுடையது, வழக்கம்போல அடியில் ஒரு கோடும் இரண்டு புள்ளியும்.

என் கழுத்துக்கான கயிற்றை நானே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆளாகப் போய்ச் சிரித்துச் சிரித்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ரோஸ்லின் வடையைப் பிட்டுக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை எத்தனை தடவை யோசித்துப் பார்த்தும் அதில் ஒன்றும் தெரியவில்லை. விடுதியில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி முழுக்க ஈரத்துணி போட்ட கை அவளுடையது. அந்தக் கைதான் இந்த வரியையும் எழுதியிருக்கிறது.

இவர் கேட்டதற்குத் தலைவலி என்று சொன்னேன்.

ஜூன் 27, வெள்ளி

போனேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பெனட் அங்கே உட்கார்ந்திருந்தார். "வாங்க மேடம்" என்றாள் ரோஸ்லின். இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நான் மேடம். பெனட்டை வெளியே போகச் சொன்னேன். அவர் அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்த பிறகுதான் எழுந்தார்.

"ஏன் ரோஸ்லின் இப்படிப் பண்ணுன?"

"நான் என்ன செய்ய? பல்கலைக்கழகம் போட்ட விதி. என் கையில என்ன இருக்கு?"

"முன்னாலேயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ எழுதிக் குடுத்துருப்பியா?"

இதைச் சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேனாவைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய குரலில் பேசினாள்.

"ஏட்டி, இந்தத் துறைக்குத் தலைவி நான். ஆனா வாரவன் போறவன் எல்லாம் 'செண்பகம் மேடத்தோட படிப்பு'ங்கான். என் ஆய்வுல உள்ள படத்தையெல்லாம் நீதான் போட்டன்னு எத்தன பேருகிட்டச் சொல்லியிருக்க? போன வாரம் அந்தத் திருச்சிக்காரர்கிட்ட என் முன்னாலயே சொல்லுத. நான் சாப்பாட்டுல கை வச்சிட்டு இருக்கேன். பதினாறு வருஷமா இதக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"உண்மையைத்தான சொன்னேன்."

"நானும் விதியத்தான எழுதுனேன்."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் பெனட், "மேடம், உங்க களப்பணிக் குறிப்பெல்லாம் கொஞ்சம் குடுத்தீங்கன்னா உதவியா இருக்கும்" என்றார். பணிவான பிள்ளைதான். ஓர் அறை விடலாமா என்று கை துறுதுறுத்தது. பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 28, சனி

இனி வகுப்பு இல்லை. பழக்கத்தில் ஏழரைக்கே டிபன் டப்பாவைக் கட்டிவிட்டேன். பதினொரு மணிக்கு வீட்டிலேயே திறந்து தின்றேன். அழுகை வந்தது, அழுதேன்.

ஜூன் 30, திங்கள்

பல்கலைக்கழக அலுவலகத்தில் கண்காணிப்பாளர் தங்கப்பழத்தைத் தெரியும். சுற்றறிக்கையின் நகலைக் கேட்டேன். "உங்களுக்கு இல்லாததா மேடம்" என்று எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாம் பத்தி: ஆசிரியருக்கு முனைவர் பட்டம் இருக்க வேண்டும், அல்லது பத்தாண்டுக் கற்பித்தல் அனுபவம் இருக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்பது துறையின் விருப்பம். எனக்குப் பதினான்கு வருஷம்! அந்த 'அல்லது'க்குப் பின்னால் உள்ளதை வெட்டி எறிந்துவிட்டு, பல்கலைக்கழகம் போட்ட விதி என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாள். விதியாம் விதி. அவள் விருப்பம் என்று சொல்லத் தைரியம் இல்லை. இரண்டாம் பத்தி சேர்க்கைத் தகுதி பற்றியது. அது இப்போது முக்கியமில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் மறுப்புக் கடிதம் கொடுக்கலாம் என்றார் தங்கப்பழம். "உங்களக் கேக்காமச் சேத்த வரின்னு தெளிவா எழுதுங்க. துணைவேந்தர் மேசைக்குப் போகும். நிக்க வாய்ப்பு இருக்கு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பல நாளைக்குப் பிறகு பசித்தது.

ஜூலை 2, புதன்

மேசையைக் காலி செய்யப் போயிருந்தேன். முப்பிடாதி வந்தார். வெள்ளைச் சட்டை, புதுக் கோப்பு. அதற்குள் சான்றிதழ் நகல்கள், நாலு புகைப்படம். விண்ணப்பம் கொடுக்கிற இடத்தில், பட்டம் இல்லாதவருக்குக் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"என்ன மேடம், திடுதிப்புன்னு மாத்திட்டாங்க? போன வருஷம் வரைக்கும் பிளஸ் டூ போதும்னு இருந்துச்சே."

நான் மேசை இழுப்பறையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

"பல்கலைக்கழகம் போட்ட விதி. நான் என்ன செய்ய?" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், இந்த வாக்கியத்தை எங்கே கேட்டேன் என்று உறைத்தது.

அவர் கோப்பை மூடினார். என் மேசையையும் கீழே இருந்த அட்டைப்பெட்டியையும் பார்த்தார். ஒவ்வொன்றாகப் புரிந்துகொள்கிற மாதிரி முகம் மாறியது.

"உங்களையும் அனுப்பிட்டாங்களா மேடம்?"

"ம்."

"அதான பாத்தேன்! நீங்க இருந்தா இந்த வரியப் போட விட்டுருப்பீங்களா? அந்தக் குளம் அளக்கும்போது நாம எவ்வளவு பாடுபட்டோம். நீங்க கரையில குடையப் பிடிச்சிக்கிட்டு நின்னு எழுதுவீங்க, நான் சகதிக்குள்ள இறங்கி டேப்ப இழுத்துக்கிட்டுப் போவேன். நூத்திப் பதினெட்டுக் குளம்! லீவு நாளெல்லாம் வந்தேன்லா. அப்பமே சொன்னீங்க, 'நான் ஒரு படிப்பு ஆரம்பிப்பேன், உங்கள மாதிரி ஆளுக்குத்தான் அது'ன்னு. உங்களுக்குத் தெரியாமத்தான் மேடம் போட்டுருக்காங்க. நல்லா ஏமாத்திட்டாங்க உங்கள."

நான் தலையை நிமிர்த்தவில்லை.

"ஆமா" என்றேன்.

எனக்காக அவர் கண் கலங்கினார். பிறகு கோப்பிலிருந்து புகைப்படங்களை எடுத்து என் மேசைமேல் வைத்தார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க சும்மா விடமாட்டீங்க, எழுதிப் போடுவீங்க. விதி மாறுச்சுன்னா எம் பேரச் சேத்து விட்டுருங்க. எனக்கு ஏப்ரல் வரைக்கும் டயம் இருக்கு."

அட்டைப்பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தார்.

ஜூலை 3, வியாழன்

குளங்களை நான்தான் அளந்தேன் என்று முன்னால் எழுதியிருக்கிறேன். டேப்புக்கு இரண்டு முனை உண்டு. ஒரு முனையை ஒருவர் பிடித்தால்தான் மற்றவர் அளக்க முடியும். இதை எழுதாமல் விட்டது மறதியால்.

மறுப்புக் கடிதம் எழுதினேன். ஒரு பக்கம். ஒன்பதாம் பக்கத்து வரி என்னைக் கேட்காமல் சேர்க்கப்பட்டது, சுற்றறிக்கையின் மூன்றாம் பத்தியில் பாதியை மறைத்துவிட்டார்கள், அதை நீக்க வேண்டும். நல்ல கடிதம்.

பிறகு இன்னொன்று எழுதினேன். அது இரண்டு பக்கம். முதல் பக்கம் அதேதான். இரண்டாம் பக்கத்தில், ஏழாம் பக்கத்துச் சேர்க்கைத் தகுதியையும் பழையபடி மாற்ற வேண்டும், அதைத் தேவையில்லாமல் உயர்த்தி எழுதியவள் நானே என்று எழுதினேன்.

இரண்டையும் உறையில் போடாமல் பையில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

தங்கப்பழத்திடம் இரண்டு பக்கக் கடிதத்தைத்தான் முதலில் நீட்டினேன். அதை இங்கே எழுதியாக வேண்டும். அவர் முழுக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், முதல் பக்கம் பிரமாதம். ரெண்டாவது பக்கம் எதுக்கு? ஏழாம் பக்கத்த நான் எழுதுனேன்னு நீங்களே ஒத்துக்கிட்டா, அப்ப ஒன்பதாம் பக்கத்தையும் நீங்கதான் எழுதுனீங்கன்னு அந்தம்மா சொல்லுவாங்க. கையெழுத்து வேற இருக்கு. மொத்தக் கடிதமும் படுத்துரும். உங்க வேலையப் பாருங்க மேடம். அடுத்தவன் தகுதியப் பத்தி உங்களுக்கு என்ன?"

பின்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒருவர், "சீக்கிரம்மா" என்றார்.

ரோஸ்லின் செய்ததை நான் ஒருநாளும் மன்னிக்கப்போவதில்லை. அது வேறு. அதை இதோடு சேர்க்கக் கூடாது.

பரவாயில்லை சார், இதையே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அந்த இரண்டு பக்கக் கடிதத்தையே கொடுத்துவிட்டு வந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. முத்திரை குத்தித் தந்த நகல் இதோ மேசைமேல் இருக்கிறது. ஒரு பக்கம்தான்.

முப்பிடாதியின் நாலு புகைப்படத்தையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் இந்த நோட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். படம் எடுப்பதற்காகச் சட்டையின் மேல் பட்டன் வரை போட்டிருக்கிறார்.